ஏரிக்குப் போன புல்கெண்டை

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அப்பா நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் தறியில் உட்காருவார். அம்மா முட்டையைக்கூட உள்ளே விடமாட்டாள். அந்த வீட்டிலிருந்து மூன்று வருஷம் நான் மீன் எடை எழுதும் வேலைக்குப் போய்வந்தேன்.

ஏனாத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு கிடைத்தது அந்தத் தற்காலிக வேலை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று நேரில் போய்ப் பார்த்து, இனம் இனமாக எடை போட்டு, படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை நான் அருகில் பார்த்த மீனெல்லாம் கல்லூரிக் கண்ணாடிக் குடுவையில் பார்மலினில் ஊறிக்கொண்டிருந்தவை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கட்லாவைப் பார்த்து ரோகு என்று எழுதினேன். வலை இழுப்பவர்கள் சிரித்துவிட்டு, தலை பெரிதாக இருந்தால் கட்லா, வாய் சின்னதாகக் கீழ்ப்பக்கம் இருந்தால் ரோகு என்று காட்டிக்கொடுத்தார்கள்.

அப்பா தடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பட்டு நூல் எந்த வாடையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் நான் பின்வாசல் வழியாக வந்து குளித்துவிட்டுத்தான் தறி இருக்கும் அறைப் பக்கம் வரவேண்டும். ஸ்கூட்டியைத் தெருவிலேயே விட்டுவிட வேண்டும். சாயங்காலம் நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது, "இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். நான் மாகறல் என்பேன், கூரம் என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி தறி நாடாவைத் தள்ளுவார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

நான் பார்த்த அந்த மூன்று வருஷத்திலேயே நிறைய மாறியது. ஏரிகளில் மீன் மழையை நம்பியே இருந்தது. ஒரு வருஷம் தண்ணீர் கரை தொடும். அடுத்த வருஷம் பங்குனியிலேயே தரை வெடித்துவிடும். உளுவை, குறவை, சின்னக் கெண்டை எல்லாம் படிவத்தில் 'இதர வகை' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அதே சமயம் வயல்களின் நடுவே புதிது புதிதாகக் குட்டைகள் வெட்டினார்கள். முதலில் தண்ணீர் சேமிக்க என்று வெட்டியவர்கள், பிறகு அதிலேயே மீன்குஞ்சு விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் செவிலிமேடு பாலத்துக்கு முன்னால் தொட்டி கட்டிய வண்டிகள் நிற்கத் தொடங்கின. மோட்டார் காற்றை ஊத, உள்ளே மீன்கள் உயிரோடு சுற்றும். கடல் மீனை ஐஸ் பெட்டியில் வாங்கிப் பழகிய ஊர்க்காரர்கள், துள்ளுகிற மீனைக் காட்டி, "இத வெட்டுப்பா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படிக் குட்டை வெட்டியவர்களில் ஒரு கணவன் மனைவி கூரத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரில் இருந்தார்கள். கணவர் டிராக்டர் ஓட்டப் போவார். குட்டையைப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். நாற்பது வயதிருக்கும். கூச்சமே கிடையாது. நான் முதல் தடவை போனபோது, என் பையிலிருந்த தொங்கு தராசையும் படிவத்தையும் பார்த்துவிட்டு, "வீட்ல மீனு துன்னுவியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்த எழுதுவ நீ?"

"எடைதானக்கா. அதுக்கு ருசி தெரிய வேணாமே."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. "நல்லதுதான் போ. நீ வந்தா எம்மீனு குறையாது" என்று சிரித்தார். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் மோர் கொடுப்பார்.

மற்றவர்கள் கட்லா, ரோகு, மிருகால் மட்டும் விட்டபோது, அவர் புல்கெண்டையும் சேர்த்து விட்டிருந்தார். புல் தின்னும் மீன் அது. எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் கேட்டுவிட்டு வந்து, அலைந்து திரிந்து குஞ்சு வாங்கியிருந்தார். காலையில் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்தால் மீனுக்கு அரைக்கட்டு. அதைத் தண்ணீரில் வீசியதும் கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து நீளமான முதுகுகள் கிளம்பி வரும். கரையில் நின்றால் அவை புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். "பாரு, மாடு மாதிரியே மேயுது. பால்தான் கறக்கல" என்பார்.

அந்த வருஷம் கார்த்திகையில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும், "எல்லாம் போயிடுச்சும்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்துத்தான் ரோட்டில் தண்ணீர் வடிந்து நான் போக முடிந்தது. குட்டையின் கிழக்குக் கரை வண்டி நுழையும் அகலத்துக்கு உடைந்திருந்தது. வயலும் குட்டையும் ஒன்றாகி, தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊர் ஏரிக்கு இறங்கியிருந்தது. அவர் கணவர் உடைப்பில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "எழுதிக்கோ, ஒண்ணுமில்லன்னு எழுதிக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஈரமான படிவத்தில் அந்தக் குட்டைக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன். அன்றும் மோர் கொடுத்தார்.

அவர்கள் குட்டைக்குக் கீழே இருந்த ஊர் ஏரியின் மீனைக் குத்தகை எடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். வாட்டசாட்டமான ஆள், குரல் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். முந்தின கோடையில் அந்த ஏரி முழுக்கக் காய்ந்துவிட்டதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை ஏரி நிறைந்ததும் மார்கழியில் விரல் நீளக் குஞ்சுகளை நிறைய விட்டார். கட்லா, ரோகு, மிருகால். குஞ்சு வந்த பிளாஸ்டிக் பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவர் அவிழ்த்ததை நான் நேரில் பார்த்து எழுதினேன்.

வைகாசியில் வலை போட்டார்கள். காலை ஆறரைக்கே நான் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். வெளியூரிலிருந்து வந்த வலைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இழுவலையை வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வலை குறுகக் குறுக உள்ளே தண்ணீர் கொதிப்பது போலிருந்தது. ஊரில் பாதிப் பேர் கூடைகளோடு நின்றிருந்தார்கள். மீன்களைப் பார்த்துக் குத்தகைக்காரருக்கே ஆச்சரியம். அரைக் கிலோ எதிர்பார்த்த இடத்தில் ஒன்றரைக் கிலோ மீன்கள் புரண்டுகொண்டிருந்தன.

வலைக்காரர் ஒருவர் நீளமான, பச்சை படிந்த வெள்ளி நிறத்து மீனொன்றைத் தூக்கினார். "இன்னாபா இது? ரோகு மாதிரி கீது, ஆனா ரோகு இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"புல்கெண்டை" என்றேன்.

சொன்ன உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்: எடை போடு, எழுது, வந்துவிடு, ஊர் விவகாரத்தில் தலையிடாதே. படிவத்தில் புல்கெண்டைக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'இதர வகை' என்பதற்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு அதன் பெயரை எழுதினேன். மீன் கொட்டும் பிளாஸ்டிக் தட்டுகளில் இரண்டாவது நிரம்பியது. மூன்றாவதிலும் பாதிக்கு மேல் அதுவே.

கூட்டத்தில் யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். அக்கா கரையில் வேகமாக நடந்து வந்தார். புடவையின் முன்பக்கம் முழுக்கப் புல்லின் பச்சைக் கறை. பின்னால் அவர் கணவர், "உட்டுடு, வா, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து ஒரு மீனின் மேல் கையை வைத்தார்.

"இது எங்க மீனு" என்றார்.

குத்தகைக்காரர் திரும்பினார். "எங்க மீனுன்னா? அது மேல பேரு எழுதி இருக்குதா?"

"இந்த ஏரியில புல்கெண்ட யாருண்ணா வுட்டாங்க? நீங்க வுட்டீங்களா?"

"நான் வுடல. மேல ஏரியில யாரனா வுட்டிருப்பாங்க. மழையில கலங்கல் வழியா இறங்கி வந்திருக்கும். ஏரிக்கு வந்தது ஏரி மீனு. ஆறு மாசம் இந்தத் தண்ணியில வளந்திருக்குது."

"அதுக்கு முன்ன நாலு மாசம் எங் கையால புல்லு துன்னுதுண்ணா."

யாரும் சிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "யம்மா, நீதான எல்லா ஏரியும் சுத்திக்கினு வர்ற. மேல ஏரியில இந்த மீனு இருக்குதா?"

மேல் ஏரியில் முந்தின வாரம்தான் வலை போட்டிருந்தார்கள். அந்தப் படிவம் என் பையிலேயே இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிவிடலாம். என்னை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் குட்டைக்கு நேராகப் பூஜ்யம் போட்டதும் என் கைதான்.

"நான் எடை போட்ட வரைக்கும் மேல் ஏரியில ஒரு புல்கெண்டைகூட வரல" என்றேன். குத்தகைக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேகவேகமாகச் சொன்னேன்: "ஆனா கட்லாவும் ரோகுவும் யாரோடதுன்னு என்னால சொல்ல முடியாது. அண்ணனும் அதத்தான் விட்டாரு, அக்காவும் அதத்தான் விட்டாங்க. மேல் ஏரியிலயும் அது இருக்கு."

குத்தகைக்காரர் என்னை முறைத்தார். பிறகு காலித் தட்டொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். யாரோ டீ கொடுத்தார்கள். அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். "போன வருஷம் ஏரி காஞ்சி, கருவாட்டுக்குக்கூட ஒண்ணு தேறல. அப்ப எவனும் வந்து இன்னா ஏதுன்னு கேக்கல" என்றார். அது உண்மைதான். அந்த வெடித்த தரையை நானும் பார்த்திருக்கிறேன்.

டீயைக் குடித்து முடித்து எழுந்தார். "சரி, புல்கெண்ட மொத்தமும் எடுத்துக்க. மத்தத கேக்காத."

"செத்த மீன வச்சிக்கினு நான் இன்னாண்ணா பண்றது?" என்றார் அக்கா. "கரையேத்துனது எல்லாம் நீங்களே வச்சிக்கோங்க. இனிமேட்டு வலையில வர்றத உயிரோட குடுங்க. கரையேத்துனதுக்குப் பதிலா நீங்க வுட்டதுலயே சின்னது கொஞ்சம் உயிரோட குடுங்க. குட்டையில வுட்டுக்கறேன்."

"உயிரோடவா! இந்த வெயில்லயா?"

"இன்னும் வெயில் ஏறல. டெம்போ இருக்குது, பேரல் இருக்குது. நான் பாத்துக்கறேன்."

அவர் கணவர் அதற்குள் கரையிலிருந்து இறங்கி ஓடியிருந்தார். வேணாம் வேணாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்துக் குத்தகைக்காரரே சிரித்துவிட்டார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அங்கே நடந்ததை நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. நீலப் பிளாஸ்டிக் பேரல்களில் ஏரித் தண்ணீரை நிரப்பி டெம்போவில் ஏற்றினார்கள். வலைக்குள்ளேயே நின்று மீனைப் பிரித்து, சின்னக் கூடையில் எடுத்து ஓடி வந்து பேரலில் விட்டார்கள். சற்று முன்வரை வேடிக்கை பார்த்த பெண்கள் வரிசையாக நின்று கூடைகளைக் கைமாற்றினார்கள். குத்தகைக்காரர் தண்ணீரில் இறங்கி, "அமுக்காதபா, செவுளப் புடிக்காதே" என்று வலைக்காரர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. நான் தராசைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

நடுவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து மேற்பார்வையாளருக்கு போன் செய்தேன்.

"சார், ஏரியில பிடிச்ச மீன் உயிரோட குட்டைக்குப் போகுது. அத எதுல எழுதறது?"

"ஏரியில பிடிச்சா ஏரி உற்பத்தி."

"விக்கலையே சார். மறுபடி வளக்கப் போறாங்க."

"அப்ப அது உற்பத்தியே இல்லையேம்மா" என்றார். "அத விட்டுடு. செத்தத மட்டும் எழுது."

டெம்போவின் பின்னால் அக்காவோடு நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பேரல் தண்ணீரைக் குவளையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே போனோம், காற்றுச் சேரட்டும் என்று. ஒரு மீன் துள்ளி என் மடியில் விழுந்தது. என் வாழ்க்கையில் உயிருள்ள மீனை இரண்டு கையாலும் பிடித்தது அன்றைக்குத்தான். ஈரமான ஒரு தசையே கைக்குள் திமிறுவது போலிருந்தது. பயந்து கத்தினேன். அக்கா, "வுட்டுடாத, வுட்டுடாத!" என்று கூவிக்கொண்டே அதை வாங்கித் தண்ணீருக்குள் போட்டார். குட்டைக்கு வந்ததும் பேரலை மெல்லச் சாய்த்தார்கள். சில மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. மற்றவை ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு அடியில் மறைந்தன. அக்கா கரையில் உட்கார்ந்துகொண்டு மிதந்தவற்றையே பார்த்தார். அவர் அழுததை நான் பார்த்தது அப்போதுதான். அதிகம் இல்லை, முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

நான் வீடு திரும்பியபோது பின்வாசலில் அப்பா நின்றிருந்தார். பாவு நூலைக் காயவைக்க வந்தவர். என் துப்பட்டாவிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாடை எனக்கே தாங்கவில்லை. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டு, "எந்த ஊரு?" என்றார். அன்று நான் ஊர்ப் பெயரோடு நிறுத்தவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "பொழைக்குமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுநாள் நான் கிளம்பும்போது தறியில் இருந்தபடியே, "அந்தம்மாவுக்கு போன் போட்டு எத்தினி பொழைச்சுதுன்னு கேளு" என்றார். கேட்டேன். முக்கால்வாசி பிழைத்துவிட்டதாம். அப்பாவிடம் சொன்னேன். நல்லது என்று தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. சுவரில் மீன் உற்பத்தி வரைபடம் காட்டினார்கள். ஏரிகளின் கோடு சட்டென்று மேலே ஏறியிருந்தது. குட்டைகளின் கோடு இறங்கியிருந்தது. வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர், குட்டையில் மீன் வளர்க்கும் ஆர்வம் மக்களிடம் குறைகிறது போலிருக்கிறது, இனிமேல் ஏரிகளில் கவனம் வைக்கலாம் என்றார். மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்துவிட்டேன்.

"சார், என் ஏரியாவுல ஆர்வம் குறையல சார். அந்தக் குட்டை மீன்தான் வெள்ளத்துல ஏரிக்குப் போயிடுச்சு. இப்ப ஏரியில நாம எழுதினதுல பாதி அதுதான்."

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. விவரமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். புல்கெண்டை என்று பேனாவால் நான் எழுதியிருந்த தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு மற்றக் கணக்கெடுப்பாளர்களைப் பார்த்து, "உங்க பக்கம்?" என்றார். கொஞ்சம் தயங்கி இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்கள் பகுதியிலும் குட்டைகள் உடைந்திருந்தன; படிவத்தில் இடம் இல்லாததால் எழுதவில்லையாம். அந்த அறிக்கையில் அட்டவணைக்கு அடியில், மழையில் குட்டைகள் உடைந்து மீன்கள் ஏரிகளுக்குச் சென்றன என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது. மேற்பார்வையாளர் என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே, குட்டைக் கரையை உயர்த்திக் கட்டும் உதவிக்கு அந்த அக்காவின் பெயரை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த உதவி வந்து சேர நாளானது. அதற்குள் அவர்களே டிராக்டரில் மண் அடித்துக் கிழக்குக் கரையை உயர்த்திவிட்டார்கள். சுற்றிலும் கம்பு நட்டு, இடுப்பளவுக்கு வலை கட்டினார்கள். அடுத்த ஐப்பசியில் ஒரு பெருமழை பெய்தது. மழை விட்ட அன்றே நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கரையின் விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. அக்கா குடையும் இல்லாமல் வலையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீனும் போகவில்லை.

என் ஒப்பந்தம் அந்தத் தை மாதத்தோடு முடிந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அக்கா எப்போதாவது போன் செய்வார். போன மாதம் பேசும்போது, குத்தகைக்காரர் வீட்டுக்கே வந்திருந்தார் என்று சொன்னார். ஏரி முழுக்க வேலம்பாசி மண்டி வலை இழுக்க முடியவில்லையாம். அதைத் தின்று தீர்க்கப் புல்கெண்டைக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்கக்கா?"

"இன்னா சொல்றது? நாங்களும் வாங்கத்தான் போறோம், நீங்களும் கூட வாங்கன்னேன். நாளைக்கு ஒரே வண்டியில போறோம்" என்றார்.